அம்மன் படத்துக்குக் கீழே மூன்று காகிதங்கள்

எங்கள் வீட்டில் காகிதங்களுக்கு இரண்டு இடம் உண்டு. நல்ல சேதி எழுதிய காகிதம் பூசை அலமாரிக்குப் போகும். அம்மன் படத்துக்குக் கீழே வைத்து, பறக்காமல் இருக்கக் குங்குமச் சிமிழை மேலே வைப்பேன். நிலத்துப் பட்டா, மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய மதிப்பெண் பட்டியல், அவள் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவிய முதல் பிரதி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டு, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் போன்றவை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில் கிடக்கும். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை இது. சாமிக்கு முன்னால் நோய்நொடியைக் கொண்டுபோய் வைப்பானேன் என்று நானாகப் பழகிக்கொண்டது.

அந்தப் பழக்கத்தால் என் மனைவியின் நோயை மூன்று வருஷம் பூசை அலமாரியில் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரமங்கலம் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். என் மனைவி பூப் பறிப்பதில் கெட்டிக்காரி. நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் இரண்டு வரிசை முடித்துவிட்டு, என் வரிசைக்கு எதிர்ப்பக்கமாக வந்து நிற்பாள். "இன்னும் இங்கனயேவா நிக்கிறீங்க?" என்பாள்.

இருவருக்கும் பக்தி உண்டு. செவ்வாய், வெள்ளி ஒரு வேளைச் சாப்பாடு. பங்குனியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை விரதம். மகள் நல்லபடியாகப் பிறந்ததற்கு வேண்டிக்கொண்ட நேர்த்தியாக, வருஷாவருஷம் திருவிழா அன்று காலையில் ஈரத்துணியோடு கோவிலைச் சுற்றி உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்வாள். நான் பக்கத்தில் நடந்து வருவேன். அவ்வளவுதான் என் பங்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ரத்தம் எடுத்து, சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் மட்டும் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. எனக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்றுப் பதினைந்து. பக்கத்துத் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பிக்கு இருநூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. மனைவிக்கு நூற்றுப் பன்னிரண்டு. காகிதத்தைக் கொடுத்த நர்ஸம்மா, "சூப்பரும்மா, சின்னப் புள்ளைக்கு இருக்குற மாதிரி இருக்கு" என்று சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சினன் அன்று சாயங்காலமே வந்துவிட்டான்.

"அக்காவுக்கு மட்டும் எப்படி மச்சான் இம்புட்டுக் கம்மி?"

"செவ்வா வெள்ளி ஒரு வேள சாப்புட்டுப் பாரு மாப்ள, ஒனக்கும் எறங்கும். நாள் தவறாம பரோட்டாக் கடையில நின்னா ரத்தத்துல எண்ணெதான் ஓடும்."

"நானும் அக்காவும் ஒரே சட்டியிலதான தின்னு வளந்தோம்?"

"அது அப்ப. இது ஆத்தா குடுத்த ஒடம்பு."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ரெண்டு பேரும் என் ரத்தத்த விட்டுட்டு வேற சோலி இருந்தாப் பாருங்க."

அந்தக் காகிதத்தைப் பூசை அலமாரியில் வைத்தேன். அடுத்த வருஷ முகாமில் தொண்ணூற்றெட்டு. அதையும் வைத்தேன். அதற்கும் அடுத்த வருஷம் எண்பத்து நாலு. அதையும் வைத்து, அன்று ஒரு முழம் கூடுதலாகப் பூப் போட்டேன். காகிதத்தில் 'இருநூற்றுக்குக் கீழே இருக்க வேண்டும்' என்றுதான் அச்சடித்திருந்தது. எவ்வளவு கீழே போகலாம் என்று போடவில்லை. சர்க்கரை கூடியவர்களுக்குப் போட்டிருந்த மாதிரி கறுப்பு மையில் தடித்த எழுத்தும் இல்லை. நான் கோவிலில், மார்க்கெட்டில், பஸ்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். விரதத்தின் பலன் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது என்று.

அதே மூன்று வருஷத்தில் நடந்த வேறு சில விஷயங்களையும் சொல்ல வேண்டும். அவள் சாப்பாடு குறைந்தது. நாலு வாய் உண்டதும் தட்டைத் தள்ளிவிடுவாள். "நெஞ்சு வரைக்கும் நெறைஞ்ச மாதிரி இருக்குங்க" என்பாள். விரதம் பழகிய வயிறு சுருங்கிவிட்டது என்று நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றாள். வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டேன். பூக்கூடைப் பிடி பட்ட இடமெல்லாம் கையில் நீலம் பாரித்தது. வளையல் அழுத்தியிருக்கும் என்றேன். ஒருநாள் காலையில் என் வரிசையை முடித்து நிமிர்ந்தேன். அவள் எதிர்ப்பக்கம் வரவில்லை. தன் முதல் வரிசையின் நடுவில் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாசி மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று பல் டாக்டரிடம் போனோம். கையில் இருந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, முதலில் ரத்தம் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் வந்தது. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றும் குறைவு. மூன்றுக்கும் தடித்த எழுத்து. தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டாயிரம் இருந்தது.

"காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப நான் பல்லத் தொட மாட்டேன். புதுக்கோட்டையில பெரிய டாக்டரப் பாத்துட்டு வாங்க."

அந்தக் காகிதம் மஞ்சள் பைக்குப் போனது. மறுநாள் பையோடு பஸ் ஏறினோம்.

புதுக்கோட்டை டாக்டரம்மாவுக்கு எங்கள் மகளைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். மனைவியைப் படுக்க வைத்து, "மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா" என்று சொல்லி வயிற்றின் வலது அடியிலிருந்து இடது விலாவை நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே மேலே வந்தார். தொப்புளுக்குப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருக்கக் கூடாத ஏதோ இருக்கிறது என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

"கொஞ்சம் சாப்ட்டாலே வயிறு நெறைஞ்சுடுதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ரெண்டு மூணு வருசமாங்க."

"விரதம் இருந்து பழகுன வயிறுங்க டாக்டரம்மா" என்றேன் நான். அவர் ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் எழுதினார்.

ஸ்கேனில் மண்ணீரல் பதினெட்டு சென்டிமீட்டர் இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு இருந்தால் சரி என்றார்கள். அப்படி ஓர் உறுப்பு இடது விலாவுக்குள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது பெருத்து, இரைப்பையை நெருக்கித்தான் அவள் நாலு வாயில் எழுந்திருக்கிறாள்.

"பழைய ரிப்போர்ட்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா ஐயா?"

மஞ்சள் பையை மேசையில் கொட்டினேன். என் முழங்கால் எக்ஸ்ரே, பேரனுக்குச் சளி பிடித்த சீட்டு, கன்றுக்குட்டிக்கு ஊசி போட்ட சீட்டுகூட இருந்தது. அவர் பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டினார்.

"அம்மாவுக்கு இதுக்கு முன்னாடி ரத்தமே பாத்ததில்லையா?"

"முகாம்ல பாத்தாங்க. ஆனா அது நல்ல ரிப்போர்ட்டுங்க. அதுல ஒண்ணும் இல்ல. சாமிகிட்ட இருக்கு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "சாமி பாத்தாச்சுல்ல? நானும் ஒருதடவ பாத்துக்கிறேன். நாளைக்குக் கொண்டாங்க."

மறுநாள் அந்த மூன்று காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். ஓரமெல்லாம் குங்குமம். ஒன்றில் எண்ணெய் பட்டு எழுத்து மறுபக்கம் தெரிந்தது. அவர் மூன்றையும் வருஷ வரிசையில் மேசையில் பரப்பினார். நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூற்றெட்டு. எண்பத்து நாலு. நாலாவதாக முந்தின நாள் எடுத்ததை வைத்தார். எழுபத்தொன்று.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மண்ணீரல் ஒரு சல்லடை மாதிரி. வயதான ரத்த அணுக்களைப் பிடித்து உடைப்பது அதன் வேலை. அது பெருத்துவிட்டால் வயதானது, இளையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்பு அணுக்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓட வேண்டியது மண்ணீரலுக்குள் தேங்கிக் கிடக்கிறது.

"அப்ப மழை இல்லாமப் போகலீங்க" என்றேன். "கம்மாயி பெருத்துப்போயி மடையத் தொறக்காம தேக்கி வச்சிருக்கு. வயலு காயுது."

"அதேதான் ஐயா. தேக்குனதுல பாதிய அதுவே குடிச்சும் போடுது."

"கொலஸ்ட்ரால் கொறைஞ்சா நல்லதுன்னுதானங்க எல்லாரும் சொல்றாங்க?"

"கொலஸ்ட்ரால் வெறும் கெட்ட சாமான் இல்லீங்க. ஒடம்புல ஒவ்வொரு அணுவுக்கும் மேல்தோல் கட்ட அது வேணும். மண்ணீரல் ஒடைக்க ஒடைக்க ஒடம்பு புதுசு கட்டுது. கட்டக் கட்ட அது செலவாகுது. பெருத்த மண்ணீரலும் தன் பங்குக்கு அத இழுத்துக்கும். மண்ணீரல் வளர வளர அணுவும் கொறையும், கொலஸ்ட்ராலும் கொறையும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "இத மட்டும் வச்சு நோயின்னு சொல்லிற முடியாது. சில பேருக்கு ஒடம்பு வாகே அப்படி இருக்கும். ஆனா சாப்பாடு கொறையுது, அசதியா இருக்குன்னு சொல்றவங்களுக்கு வருசா வருசம் இது எறங்குனா, ஏன்னு ஒருதடவ கேட்டுருக்கலாம்."

கேட்டிருக்கலாம். நான் பூப் போட்டேன்.

கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியதால்தான் மண்ணீரல் வீங்கியிருக்கிறது, திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி முடிவு செய்யலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். விலாவுக்குக் கீழே இறங்கிவிட்ட மண்ணீரலுக்கு எலும்பின் மறைப்பு இல்லை. இடது பக்கம் விழுவதோ அடிபடுவதோ கூடாது. பட்டால் உள்ளுக்குள்ளேயே வெடித்து ரத்தம் கொட்டிவிடும் என்று.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பங்குனியில கோயில்ல உருளணுங்க."

"உருளவே கூடாதும்மா."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஆலங்குடி தாண்டியதும் நான்தான் தொடங்கினேன். "எல்லாம் என்னாலதான். நீ சொல்லச் சொல்ல நான் கேக்கல."

"நானும் நீங்க சொன்னத நம்பிக்கிட்டுத்தான இருந்தேன். ஊரெல்லாம் என்னையப் பெருமையாச் சொன்னீங்க. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு, "ஆனா நேர்த்திய விட மாட்டேன்" என்றாள்.

காப்புக் கட்ட எட்டு நாள் இருந்தது. நான் சொன்னேன், மகள் போனில் அழுதாள், மச்சினன் கத்தினான். அவள் எதற்கும் அசையவில்லை. "ஆத்தாகிட்ட பூக் கேக்குறேன். அவ வேணாம்னு சொல்லட்டும்" என்றாள்.

எங்கள் பக்கம் பூக் கேட்பது என்றால், ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். நிலம் வாங்கியதும், மகளுக்கு வரன் முடித்ததும் பூக் கேட்டுத்தான். ஒரு தடவைகூட எனக்குப் பயம் வந்ததில்லை. இந்தத் தடவை வந்தது. வெள்ளை வந்துவிட்டால்? அம்மன் வாக்கைத் தடுக்க நான் யார்? தடுக்காவிட்டால் இவள் பிழைப்பாளா?

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தோட்டத்தில் மல்லிகை ஒன்றையும், வேலியோரச் செம்பருத்தி ஒன்றையும் பறித்து மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலை மறித்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கேக்காத."

"ஏன்? சாமியக் கும்புடாதன்னு நீங்களா சொல்றீங்க?"

"கும்புடு. கேக்காத. ஆத்தா மூணு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. எழுதியே காட்டிருக்கா. என் கையால வாங்கி அவ காலடியிலயே வச்சிருக்கேன், படிக்கல. அதுக்கு மேலயும் போயிக் கேட்டா, நீ சொன்னது எங்களுக்குப் பத்தலன்னு சொல்ற மாதிரி ஆகாதா?"

அவள் மடியில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என் நேர்த்தி?"

"நான் உருளுறேன்."

சட்டென்று என் வயிற்றைப் பார்த்தாள். பல நாள் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இந்தத் தொந்திய வச்சிக்கிட்டா? பாதியில நின்னுட்டா ஆத்தாளுக்கு வழி அடைச்சுப் போகும்."

இரண்டு பூவையும் அவளே கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தாள். மடிக்காமல்.

திருவிழா அன்று காலையில் குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு கொடிமரத்தடியில் படுத்தேன். தலைக்கு மேல் கையைக் கூப்பி உருள ஆரம்பித்தேன். ஆண்கள் நாலைந்து பேர், பெண்கள் பத்துப் பேர். நடந்து வருவது வேறு, உருள்வது வேறு என்று முதல் மூலையிலேயே தெரிந்துவிட்டது. கோவிலும் வானமும் மாறி மாறிச் சுற்றின.

"மச்சான், செவத்துல போயி முட்டுறீங்க! இங்கிட்டு, இங்கிட்டுத் திரும்புங்க!" மச்சினன் என் காலைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

"மெதுவாடா, எழுவது கிலோ" என்று அவள் குரல் கேட்டது. வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்தாள். அது நான் வழக்கமாக நடக்கும் இடம்.

ஒவ்வொரு புரளலுக்கும் இடது விலா கல்லில் பட்டது. என் முழு எடையும் அந்த இடத்தில் இறங்கிவிட்டு எழுந்தது. மேற்குப் பிராகாரத்தில் ஒரு கல் மற்றதைவிட விரல் கனம் உயர்ந்திருக்கும். அது பட்டபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. போன வருஷம் இதே கல்லில் இவள் உருண்டாள். அதற்கு முந்தின வருஷமும் உருண்டாள். விலாவுக்கு வெளியே இறங்கிய மண்ணீரலோடு. நான் பக்கத்தில் நடந்துகொண்டு, இவள் கொலஸ்ட்ராலைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவளைக் காப்பாற்றியது யார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வாய்விட்டு "தாயே" என்றேன். அதற்கு மேல் வேண்டுதல் எதுவும் தோன்றவில்லை.

சித்திரையில் திருச்சியில் சேர்த்தோம். உணவுக்குழாயில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ரத்தக்குழாயை வேறு வழியில் இணைத்து, மண்ணீரலை எடுத்துவிடுவது என்று முடிவானது. எடுத்த பிறகு கிருமியைத் தாங்கும் சக்தி குறையும் என்பதால், இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே தடுப்பூசிகள் போட்டார்கள். காய்ச்சல் எப்போது வந்தாலும், லேசாக இருந்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் கடைவாய்ப் பல்லையும் அங்கேயே பிடுங்கினார்கள். அவள் அதைக் கேட்டு வாங்கிப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டாள். "காட்டிக்குடுத்த பல்லு" என்று சொல்லி, ஊருக்கு வந்ததும் தோட்டத்தில் முதல் மல்லிகைச் செடி தூரில் புதைத்தாள்.

ஆபரேஷன் அன்று நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். திருநீற்றுப் பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது. காகிதங்கள் மடியில் இருந்தன. குங்குமம் பட்ட மூன்றும், தடித்த எழுத்துப் போட்டவையும் ஒரே உறையில். யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தேன்.

ஆவணியில் மறுபடி ரத்தம் பார்த்தோம். மச்சினன் புதுக்கோட்டையிலிருந்து காகிதத்தை வாங்கி வந்தான். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, கொலஸ்ட்ரால் நூத்தி அறுவத்தெட்டு. வா, வா, எங்க ஊருக்கு வந்து சேந்துட்ட."

"ஒன் ஊரு இன்னும் நூறு மைலுக்கு அங்கிட்டு இருக்கு. நீ மாத்திரையப் போடு" என்றாள்.

நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தேன். கால் தானாகப் பூசை அலமாரிப் பக்கம் போனது.

"ஏங்க, மொதல்ல படிங்க. முழுசாப் படிச்சுச் சொல்லிட்டு எங்க வேணாலும் வைங்க."

நின்றபடியே படித்தேன். தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல். சிவப்பணு கூடியிருந்தது. வெள்ளையணு சரியாக இருந்தது. புரியாத வரிகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாளைக்கு டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியவை இரண்டு இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டேன். படித்து முடித்துத் திரும்பியபோது அவள் தட்டு காலியாக இருந்தது. முழுத் தட்டும். தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

அவள் மறுசோறு கேட்டு எத்தனை வருஷம் ஆனது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கரண்டி போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்பேன்.